வெளிப்பக்கம் திறக்கும் கதவு

என் மகளுக்குத் தனியாக ஓர் அறை வேண்டும் என்ற ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு காலண்டர் தாள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தேன். வடக்கே ஏதோ ஓர் ஊரின் மரச்சாமான் கடைக்காக மாதக் காலண்டர் அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மாதத்துக்குக் குழந்தையின் படுக்கையறைப் படத்தைப் போட்டிருந்தார்கள். ரோஸ் நிறச் சுவர், வெள்ளைக் கட்டில், கட்டிலுக்கு அடியில் இழுத்தால் வருகிற பெட்டிகள், ஜன்னலில் பூப்போட்ட திரை. நாள் முழுக்க அந்தத் தாளைத் தட்டி அடுக்கிவிட்டு, சாயங்காலம் கலர் விலகிப்போன வேஸ்ட் தாள் ஒன்றை மடித்து என் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் கரடி பொம்மைக்கு இரண்டு மூக்கு இருந்தது. மற்றபடி அறை நன்றாகவே இருந்தது.

எங்களுடையது ஆனைக்குட்டம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு காலனியில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஒரே அறை, அதன் ஓரத்திலேயே அடுப்படி. பின்பக்கம் ஆடு கட்டுவதற்காகப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு ஒன்று இருந்தது. ஆடுகளை விற்ற பிறகு அதில் விறகும் பழைய சாக்கும் கிடந்தன. அதைச் சுவர் எழுப்பி அடைத்து மகளுக்கு அறையாக்கிவிடலாம் என்று நான் சொன்னதும் எதிர்வீட்டு அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணாப்பு படிக்கிற பிள்ளைக்கு அந்தப்புரமா கட்டப் போறீக? நாங்கள்லாம் அடுப்படியிலயே வளந்து ஆளாகலையா?"

"நீங்க ஆளான லட்சணத்தப் பாத்துத்தான் தனி ரூம் கட்டுறேன்," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து கலக்கும் இடத்திலிருந்து வேலை கற்றுக்கொண்டு மேலே வந்தவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலின் பின்னால் வெள்ளி நிறத்தில் பொடி மினுங்கும். தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த ரூமுக்கு இன்னொரு கதவு எங்கன இருக்கு?"

படத்தில் ஒரு கதவுகூட இல்லை. நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் அப்போதும் சிரிக்கவில்லை.

அவருக்குத் தெரிந்த அறை ஒரே வகைதான். கம்பெனியில் மருந்து வேலை நடக்கும் அறைகள் தனித்தனியாக, தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரெதிராகக் கதவுகள் இருக்கும், எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். வேலை நேரத்தில் தாழ்ப்பாள் போடக் கூடாது, வாசலை மறித்துப் பெட்டி வைக்கக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் முகம் இருக்கிறதோ அந்தப் பக்கமே ஓட வேண்டும். அதே கணக்கில்தான் பிள்ளையின் படுக்கையறையையும் கட்டச் சொன்னார். வீட்டுப் பக்கம் ஒரு கதவு, அதற்கு நேர் எதிரே கொல்லைப் பக்கம் இன்னொரு கதவு. இரண்டும் வெளியே தள்ளினால் திறக்க வேண்டும். கால் இடறும் என்று வாசல்படி வேண்டாம் என்றார்.

தச்சு ஆசாரி நிலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாம எப்படிம்மா? பாம்பு வரும், நாய் வரும்."

"அவர்கிட்டயே கேளுங்க. எனக்கு இந்த வீட்டுல ஓட்டுரிமை கிடையாது," என்றேன்.

தாழ்ப்பாளுக்குப் பதில் என் வீட்டுக்காரர் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, கதவின் உட்பக்கத்து மரக்குமிழிலும் நிலையிலும் மாட்டினார். சும்மா இருக்கும்போது கதவு மூடியே இருக்கும். சின்னப் பிள்ளை மோதினாலும் டியூப் விட்டுக்கொடுக்கும். அவரே தன் மகளின் உயரத்துக்குக் குனிந்து, தோளால் மோதி மோதிப் பார்த்தார். ஆசாரி பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மீதி அலங்காரம் என் பொறுப்பு. சுண்ணாம்பில் ரோஸ் பொடி கலந்து நானே அடித்தேன். முதல் பூச்சு காய்ந்தபோது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து வயிறு எரிந்தது. இரண்டாவது பூச்சில் சரியாகிவிட்டது. அச்சகத்துக்குத் தாள் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, பளபளக்கிற தாள் ஒட்டி, கட்டிலுக்கு அடியில் இழுத்து எடுக்கிற மாதிரி வைத்தேன். ஒன்றில் பள்ளிக்கூடப் புத்தகம், ஒன்றில் துணி, ஒன்றில் விளையாட்டுச் சாமான். பழைய சேலையில் பைபையாகத் தைத்துச் சுவரில் தொங்கவிட்டேன். சீப்பு, ரிப்பன், பென்சில் எல்லாம் அதற்குள் அடங்கின. கட்டிலுக்கு மேலே கலர் விலகின தாள்களிலிருந்து வெட்டியெடுத்த யானை, கிளி, ரயில், இரண்டு மூக்குக் கரடி. மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். என் வாழ்க்கையில் நானாக யோசித்துச் செய்து அழகாக வந்த முதல் காரியம் அது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவர் வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு அறையைச் சுற்றிப் பார்ப்பார். பார்க்கிற முறையே எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டிகளைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு நடப்பார். கொல்லைக் கதவில் நான் போட்டிருந்த பூத்திரையை இரண்டாம் நாளே கழற்றினார். "ஓடும்போது மேல சுத்திக்கிடும்" என்றார். கட்டில் விரிப்பை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். நைலான் கலந்திருந்தது. "உருகித் தோல்ல ஒட்டிக்கிடும். பருத்தி போடு" என்றார். சாதம் குழைந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். அந்த விரிப்பை மடித்துத் தலைமாட்டுப் பெட்டிக்குள் போட்டவள் பிறகு எடுக்கவே இல்லை.

படங்களில் ஒன்றை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கிழித்துவிட்டார். அது ஒரு பட்டாசு லேபிள். கம்பி மத்தாப்புப் பிடித்துக்கொண்டு கன்னம் குழியச் சிரிக்கும் ஒரு பெண்பிள்ளை. அதிலிருந்து ஒட்டுப் பசையோடு சிரிப்பு மட்டும் கொஞ்சம் சுவரிலேயே நின்றது. அதையும் நகத்தால் சுரண்டினார்.

"தீவாளிக்கு ஊரெல்லாம் விக்கிற படம், நம்ம வீட்டுல மட்டும் ஆகாதாக்கும்?"

"விக்கிறது வேற. பிள்ளை தலமாட்டுல வேண்டாம்."

அவருக்கு ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். பையனாக இருந்தபோது அவரும் அவருடைய அக்காவும் ஒரே அறையில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருநாள் மருந்து பிடித்துக்கொண்டது. அவர் ஒரு கதவு வழியாக வெளியே வந்துவிட்டார், அக்கா வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் அந்த அக்காவின் படம்கூடக் கிடையாது. நானும் தோண்டிக் கேட்டதில்லை.

பிறகு விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சாயங்காலத்தில் மகள் அறையில் எதையாவது பரப்பி விளையாடிக்கொண்டிருப்பாள். அவர் திடீரென்று ஒருமுறை கை தட்டுவார். அவள் இருந்தது இருந்தபடி எழுந்து, கொல்லைக் கதவை மோதித் திறந்துகொண்டு ஓடி, அடிபம்பைத் தொட வேண்டும். அவர் போய் முதுகில் தட்டும்வரை பம்பைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

"செருப்புப் போடலாமா தாயி?"

"கூடாது."

"பொம்மையை எடுக்கலாமா?"

"கூடாது."

"அம்மாவக் கூப்பிடலாமா?"

"கூடாது."

"திரும்பிப் பாக்கலாமா?"

"கூடவே கூடாது."

பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி கத்திச் சொல்லுவாள். அவளுக்கு அது கொண்டாட்டம். கதவு 'பட்'டென்று திறந்து, டியூப் இழுபட்டு, மறுபடியும் தானே மூடிக்கொள்ளும். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் ஒவ்வொரு முறையும் தூக்கிப்போட்டது. தோசை திருப்பிக்கொண்டிருக்கும்போது கை தட்டல் கேட்டால் கரண்டி நழுவும். "பிள்ளைய ராணுவத்துக்கா அனுப்பப் போறீக?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "எந்த ரூமுக்குப் போனாலும் இது அவ உடம்புல இருக்கணும்" என்றார். அது அவள் உடம்பில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கதவோரம் தவிர வேறு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், "இங்க இன்னொரு கதவு எங்கம்மா?" என்று கேட்பாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

மகன் பிறந்தபோது அறைக்குத் தொட்டில் வந்தது. என் கல்யாணத்துக்கு வாங்கிய மஞ்சள் பூப்போட்ட பருத்திச் சேலையை, ஜன்னலோரம் காற்று வருகிற மூலையில், இரும்புக் குழாயில் கட்டினேன். மேலே அட்டையில் வெட்டிய கிளிகளை நூலில் தொங்கவிட்டேன். காற்றில் அவை சுற்றும்போது ரோஸ் சுவரில் நிழல் ஓடும். மகள் கட்டிலில் படுத்துக்கொண்டே காலால் தொட்டிலை ஆட்டுவாள். அப்போது அந்த அறை உண்மையிலேயே காலண்டர் படத்தைவிட அழகாக இருந்தது. படத்தில் பிள்ளைகளே இல்லையே.

மறு வருடப் பட்டாசுச் சீசன் தொடங்கியது. வேன்கள் விடியுமுன்பே வந்து ஆள் ஏற்றின. வெயில் கொடுமை தாங்கவில்லை. அந்த மாதிரி நாட்களில் காலனிப் பெண்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். தூரத்தில் லாரி டயர் வெடித்தால்கூட எல்லாரும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். யார் எந்தக் கம்பெனி, அது எந்தத் திசை என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

பிரசவத்துக்குப் பிறகு நான் இன்னும் அச்சகத்துக்குத் திரும்பியிருக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மகன் தொட்டிலில் தூங்கினான். மகள் கட்டிலுக்கு அடியில் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளையாடினாள். நான் வீட்டின் முன்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் வரவில்லை. காலுக்கடியில் மண்தான் அசைந்தது. கையிலிருந்த ஈரச் சட்டையோடு நான் திரும்பியபோது சத்தம் வந்து நெஞ்சில் அடித்தது. வீட்டுக்குள் எதுவோ நொறுங்கியது. தொடர்ந்து பின்கதவு 'பட்'டென்று திறந்தது.

உள்ளே ஓடினேன். அறை முழுக்க வெள்ளைத் தூசி. கூரை சீட்டில் ஒரு பாளம் உடைந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. அட்டைக் கிளிகள் அறுந்து விழுந்திருந்தன. தொட்டிலுக்குள் மகன் உடம்பெல்லாம் மாவு பூசியதுபோல், வாய் மட்டும் சிவப்பாக, மூச்சு அடைக்க வீறிட்டுக்கொண்டிருந்தான். நெற்றியில் ஒரு கீறல், வேறொன்றுமில்லை. அவனை அள்ளிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தேன்.

மகள் அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்தினேன். தோள்தான் குலுங்கியது, தலை திரும்பவில்லை. நான் சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்ற பிறகுதான் என்னைப் பார்த்தாள். என் இடுப்பிலிருந்த தம்பியையும் பார்த்தாள். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள்.

புகை கிழக்கே எழுந்தது. அவருடைய கம்பெனி மேற்கே. அது தெரிந்த பிறகும் என் கால்கள் நம்பவில்லை. பெட்டிக்கடையின் காயின் பாக்ஸ் போனுக்கு முன்னால் பெண்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு அக்காவின் மருமகன் கிழக்கேதான் வேலை பார்த்தான். அவள் செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று இருட்டுவதற்குள் தகவல் வந்தது. எல்லா வீட்டுக்கும் அந்தத் தகவல் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மொபெட்டை வாசலில் அப்படியே சரிய விட்டுவிட்டு வந்தார். மகனைத் தொட்டுப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நேராக மகள் முன்னால் மண்டியிட்டார்.

"ஓடுனியா தாயி?"

"ஓடுனேன்."

"பம்பத் தொட்டியா?"

"தொட்டேன்."

"திரும்பிப் பாக்கலையே?"

"பாக்கல."

அவளை அப்படியே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இத்தனை நாளும் நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. சரியாகத்தான் கட்டியிருக்கிறார் மனுஷன் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"தம்பி கூப்பிட்டான்ப்பா. அழுது அழுது கூப்பிட்டான். நான் திரும்பவே இல்ல."

அவர் கைகள் அவளை விட்டுவிட்டன. சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவர் மாதிரி பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "சரியாத்தான் செஞ்சேனாப்பா?" என்று அவள் மறுபடி மறுபடி கேட்டாள். நான்தான் "சரியாத்தான்டி செஞ்ச, என் தங்கம்" என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டேன்.

பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் அவர் அதே இடத்தில் இருந்தார்.

"அக்கா கூப்பிட்டா" என்றார். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா. கேட்டுச்சு. கேக்கலன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். திரும்பினா நானும் போயிருப்பேன். அது தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய, இன்னைக்கு வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா. அதத் தூக்கி நம்ம பிள்ளை தலையில வச்சிட்டேனே."

அவரைத் திட்டுவதற்கு ஏராளமாகச் சொற்கள் வைத்திருப்பவள் நான். அன்றைக்கு ஒன்றுகூட எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், அவருக்காகவும் என் மகளுக்காகவும்.

கூரைக்குப் புது சீட்டு போட்டோம். மகள் விளையாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. தூங்கும்போது தொட்டில் சேலையின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கினாள். பிரித்துவிட்டால் விழித்துக்கொண்டாள். அவரும் கை தட்டுவதை விட்டுவிட்டார். ஆனால் சீசன் முடிந்தபாடில்லை, பயமும் விட்டபாடில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. அறை வாசலில் நின்று ஒரே ஒரு தட்டு தட்டினார்.

அவள் எழுந்தாள். கதவுப் பக்கம் போகவில்லை. எதிர் மூலைக்குப் போய், எக்கி, தொட்டிலுக்குள் கைவிட்டுத் தம்பியை இழுத்தாள். சேலை மடிப்பில் அவன் கால் மாட்டிக்கொண்டது. அவள் விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். என் வீட்டுக்காரரின் உதடுகள் முணுமுணுத்தன. நொடிகளை எண்ணுகிறார் என்று புரிந்தது.

"அம்புட்டு நேரம் இருக்காது தாயி," என்றார். "தம்பிய நான் தூக்கிக்கிடுவேன். நீ ஓடு."

"நீங்க வேலைக்குப் போயிருந்தீகன்னா?"

"அம்மா தூக்குவா."

"அம்மாவும் போயிருந்தா?"

நானும் அச்சகத்துக்குத் திரும்ப வேண்டியவள்தான்.

அவளை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறையை மாற்றலாம். நான் மூலையிலிருந்த தொட்டிலை அவிழ்த்தேன். கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், கட்டிலிலிருந்து அவள் ஓடுகிற வழியிலேயே, வேறு கயிறு மாட்டச் சொன்னேன். அவள் இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். ஒரு பக்கம் மடிப்பில்லாமல் அகலத் திறந்திருக்கும்படி சேலையை விரித்தேன். கட்டிலை வேறு பக்கம் திருப்பினோம். கரடியும் ரயிலும் கட்டிலை விட்டுத் தள்ளி, யாரும் பார்க்காத மூலைக்குப் போய்விட்டன. வெயில் நேராகத் தொட்டிலில் விழுந்ததால் ஜன்னலுக்குச் சாக்கு மாட்ட வேண்டியிருந்தது. அழகெல்லாம் போய்விட்டது. பரவாயில்லை. இனி தம்பியை எடுக்க அவள் திரும்ப வேண்டியதில்லை, அவன் வழியிலேயே இருந்தான்.

தலையணையை வைத்துப் பழக்கினோம். பிறகு தம்பியை வைத்தோம். அதற்குள் அவன் தவழ்ந்து, தானாக உட்காரத் தொடங்கியிருந்தான். அவனுக்கும் அது சிரிப்பாக இருந்தது. நானும் அவரும் வீட்டுப் பக்க வாசலில் நின்றுகொண்டோம். அவர் கை தட்டினார்.

அவள் எழுந்த வேகத்தில் தம்பியை ஒரே அள்ளாக அள்ளி மார்போடு அணைத்து, தோளால் கதவை மோதிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். கதவு மூடிக்கொண்டது. கால் இடறவில்லை. ஒரு நொடி வீணாகவில்லை. அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "போதும், இது போதும்" என்றார். இருவரும் அறையைக் கடந்து போய்க் கொல்லைக் கதவைத் தள்ளிப் பார்த்தோம்.

பம்படியில் தம்பியை உட்கார வைத்திருந்தாள். அவன் ஈர மண்ணை அளைந்துகொண்டிருந்தான். அவள் அங்கே இல்லை. எங்களை அழைத்துப் போக, அதே வழியில் திரும்ப ஓடி வந்துகொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வராத, வராத" என்று கத்தினோம். அவள் நிற்கவில்லை.